கருத்தக்கண்ணன் மடியில் வளர்ந்த பேச்சு

கருத்தக்கண்ணன் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது அவனுக்குப் பேர் வைத்த அன்றைக்கு, தேவாரத்தில் எங்கள் சின்னய்யா வீட்டில். எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும். எங்கள் அத்தை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு வெற்றிலையைச் சுருட்டி அவன் காதோரம் வைத்து, "கருத்தக்கண்ணா, கருத்தக்கண்ணா, கருத்தக்கண்ணா" என்று மூன்று தரம் சொன்னாள். அது எங்கள் பாட்டனார் பெயர். வாசலில் கொட்டுக்காரர்கள் அடித்த அடியில் ஓடு அதிர்ந்தது; பிள்ளை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "எம்புட்டுப் பொறுமையான பிள்ளை பாத்தியா" என்று வந்தவர்கள் எல்லாரும் மெச்சிவிட்டுப் பாயசம் குடித்துப் போனார்கள். அந்தப் பெயர் அங்கே இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது, அவன் ஒருத்தனைத் தவிர. அது எங்களுக்குத் தெரிய ஒரு வருசத்துக்கு மேலாயிற்று.

சின்னய்யா மனைவி மகாலட்சுமியை நான் சின்னாத்தா என்று கூப்பிடுவேன். பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் கொஞ்ச நாள் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டுக் கையால் பேசத் தொடங்கினாள். யாரும் சொல்லிக் கொடுத்த பேச்சு இல்லை அது. அவளும் அவனுமாக உண்டாக்கியது. கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் தண்ணீர். முஷ்டியை மூடித் திறந்தால் பால். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் கவிழ்த்தால் போய்விட்டது, இல்லை. வீட்டில் எல்லாருக்கும் அது படிந்துவிட்டது. அவன் அண்ணன் சுருளிராஜனும் தங்கச்சி கஸ்தூரியம்மாளும் சண்டை போடுவதுகூடச் சத்தமில்லாமல் கையிலேயே போட்டுக்கொள்வார்கள்.

ஒரு வருசம் வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் கருத்தன் தொலைந்து போனான். தேடிக் கண்டுபிடித்த கையோடு சின்னாத்தா அவனைப் பச்சை குத்துகிறவளிடம் கூட்டிப்போய், இடது முழங்கையில் 'கருத்தக்கண்ணன், தேவாரம்' என்று குத்த வைத்தாள். அன்றிலிருந்து தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் அந்தப் பச்சையைத் தடவிக் காட்டுவான். வாயால் சொல்ல முடியாத பெயர் அவன் தோலில் இருந்தது.

அவனுக்குப் பெண் அமையவில்லை. அண்ணன் சுருளியோடு திராட்சைத் தோட்டத்தில் ஐக்கியமாகிவிட்டான். கொடியை வெட்டிக் கவாத்துப் பண்ணுவதில் அவன் கை சுத்தம். பழம் கறுக்கிற காலத்தில் மற்ற தோட்டங்களில் தகரத்தைத் தட்டிக் கிளி விரட்டுவார்கள். இவன் தரையில் விழுகிற நிழலைப் பார்த்தே மண்ணாங்கட்டியை எறிவான். என்னைத் தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் கட்டிக் கொடுத்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டதால், நல்லது கெட்டதுக்குப் போகும்போது அவனைப் பார்ப்பதோடு சரி.

இதுவரைக்கும் சொன்னது முன்கதை. அவன் வாழ்க்கையில் பெரிய காரியம் என்று ஒன்று நடந்தது அறுபது வயசை ஒட்டித்தான். அதைச் சொல்ல நாகஜோதியைச் சொல்ல வேண்டும்.

கஸ்தூரியம்மாளைக் கெங்குவார்பட்டியில் கொடுத்திருந்தது. அவள் மகள் நாகஜோதி. சுருளியின் மகன் சுரேஷ்கண்ணன். அண்ணன் மகனுக்குத் தங்கச்சி மகளைக் கட்டினார்கள். எங்கள் பக்கம் அது கேட்டுச் செய்கிற முறைதான். சுரேஷ் ஜீப் ஓட்டுகிறான். விடியும் முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போவான். பொழுது சாயும்போது இறக்கிக் கொண்டுவருவான். அந்த ஜீப்பிலேயே நாகஜோதியும் காய் எடுக்கப் போவாள். பெண் பிள்ளை பிறந்தது. சின்னாத்தா பேரையே, மகாலட்சுமி என்று வைத்தார்கள். வருசம் ஒன்று ஆனதும் நாகஜோதி வேலைக்குத் திரும்பிவிட்டாள். சுருளியின் சம்சாரம் உயிரோடு இல்லை. பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்க்க ஆள்?

கருத்தன்தான். சுரேஷுக்குச் சித்தப்பா, நாகஜோதிக்குத் தாய்மாமன். பிள்ளை அவன் மடியில் வளர்ந்தது. பந்தலுக்கு அடியில் ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்துவிட்டு வேலை பார்ப்பான். கொடி கட்டுவான், நாலு எட்டுக்கு ஒரு தரம் திரும்பிப் பார்ப்பான். அவள் அழுதால் அவனுக்குக் கேட்காது அல்லவா. அதனால் கண்ணை எடுக்கவே மாட்டான். அப்படி ஒரு காவல் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காது.

பிள்ளைக்கு ஒன்றரை வயசு தாண்டியும் பேச்சு வரவில்லை. ஜெபராணி என்று அங்கன்வாடி டீச்சர். சத்துமாவு வாங்கப் போன நாகஜோதியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாகஜோதி, இவளுக்கு ரெண்டு வயசு நெருங்குது. அம்மான்னாச்சும் சொல்றாளா?"

"சொல்லுவா டீச்சர், சொல்லுவா."

"சொல்லுவாளான்னு கேக்கல. சொல்லி நீ கேட்டியா?"

நாகஜோதி சத்துமாவுப் பொட்டலத்தைப் பைக்குள் திணித்தாள்.

"கைய கைய ஆட்டுறாளே ஒழிய வாயத் தொறக்கக் காணோம். உங்க மாமா வேற அப்படி இருக்காக. ஒரு எட்டு தேனிக்குப் போயி காதைப் பாத்துட்டு வந்துரு ஆத்தா. பயப்படுத்துறதுக்குச் சொல்லல."

பயப்படுத்தச் சொல்லவில்லை என்று சொன்னால் பயம் வராமல் இருக்குமா? அன்றைக்கே வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு நேரம் பிள்ளை வெடுக்கென்று திரும்பினாள். ஒரு நேரம் தரையில் ஊர்கிற எறும்பைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். பேச்சு வரட்டும் என்று வசம்பைச் சுட்டு உரசித் தேனில் குழைத்து நாக்கில் தடவினார்கள். தேனை நக்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்று உள்ளங்கையைத் தட்டிக் காட்டினாள். நாகஜோதியும் ஏதோ நினைப்பில் இன்னும் கொஞ்சம் தடவிவிட்டாள். வாயைத்தான் திறக்கவில்லை.

டீக்கடை ஒச்சாண்டி சும்மா இருப்பானா? ஜீப்பை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன சுரேஷிடம், "என்ன மாப்ளே, ஒன் வீட்டுல செல்போன் கம்பெனிக்காரன் பொழைக்க முடியாது போல. ஆளாளுக்குக் கையிலயே பேசிக்கிறீகளாம்ல" என்றானாம். சுரேஷ் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

கஸ்தூரியம்மாள் கெங்குவார்பட்டியிலிருந்து எனக்குப் போன் போட்டாள்.

"யக்கா, ஒனக்குத்தான் நம்ம வகையறா பூராவும் மனப்பாடம். கருத்தண்ணன் போக வேற யாரும் இப்படி உண்டா? யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். பாட்டனாரோடு பிறந்தவர்கள், அவர்கள் பெற்றது, கட்டிக் கொடுத்தது, கட்டி வந்தது என்று ஒவ்வொரு வீடாக மனசுக்குள் ஏறி இறங்கினேன். பாட்டனாரின் தமக்கை ஒருத்திக்குக் காது மந்தம். அதுவும் தள்ளாத வயசில் வந்தது. வேறு யாரும் இல்லை.

"அப்ப சொந்தத்துல கட்டுனதுதான் தப்பாப் போச்சாக்கா?" என்றாள்.

"முதல்ல பிள்ளையத் தேனிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லு. என் வீட்டுல வந்து இருக்கட்டும்" என்றேன்.

நாகஜோதி வரவில்லை. போய்ப் பார்த்து, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? தெரியாமல் இருக்கிற வரைக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது அல்லவா. அதை விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக அவள் வேறு ஒன்று செய்தாள். மாமனாரிடம் போய் நின்றாள்.

"மாமா, பிள்ள நாள் பூராவும் சின்ன மாமா கூடவே இருக்கா. அவுக செய்றதப் பாத்துப் பாத்து அவளும் கையாட்டுறா. கொஞ்ச நாளைக்கு... அவுக தோட்டத்துலயே இருக்கட்டும் மாமா. நான் வேலைக்குப் போகல. பிள்ளையோட நான் இருக்கேன்."

சுருளி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். தம்பியிடம் எப்படிச் சொன்னான் என்பதைப் பிறகு அவனே எனக்குச் சொன்னான். மோட்டார் ரூமைக் காட்டி, படுக்கிற மாதிரி கையில் தலை சாய்த்து, இங்கேயே இரு என்று தரையைக் காட்டினானாம். கருத்தன் சரி என்று தலையாட்டிவிட்டு, இரண்டு கையையும் தொட்டில் போல வைத்து, பிள்ளை எப்போது வருவாள் என்று கேட்டிருக்கிறான். சுருளி தலையைக் குனிந்துகொண்டானாம். காது கேட்காதவன் எதிரே முகத்தைக் கவிழ்த்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கருத்தன் மேலே கேட்கவில்லை.

வீட்டில் பிள்ளை வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி முழங்கையைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். சொறி ஏதும் வந்திருக்கிறதோ என்று நாகஜோதி களிம்பு வாங்கித் தடவினாள். தடவ வந்த கையைத் தட்டிவிட்டு மறுபடியும் தேய்த்தாள்.

இதற்கு முன்பே வேறு ஒரு தொந்தரவு இருந்தது. அது மூக்கு. நாகஜோதி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், சாயங்காலம் ஜீப் வந்து நிற்கும். கருத்தன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் இருப்பான். நாகஜோதி இறங்கியதும் பிள்ளை விரலை மூக்கின் ஓரத்தில் வைத்து வைத்து எடுப்பாள். காய் எடுத்துவிட்டு வருகிறவள் மேல் ஏலக்காய் வாசம் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். சேலை, தலைமுடி, நகக்கண் எல்லாம் அடிக்கும். அந்தக் காரம் பிள்ளைக்கு ஆகவில்லை, மூக்கில் ஏறுகிறது என்று நாகஜோதி முடிவு கட்டிவிட்டாள். பிள்ளை கையை நீட்ட நீட்ட, "இரு ஆத்தா, வந்துர்றேன்" என்று ஒதுங்கிப் போய், குளித்து, சேலை மாற்றி, அதற்கப்புறம்தான் தூக்குவாள். அதுவரைக்கும் பிள்ளை தொண்டை கிழிய அழும். இது தினமும் நடந்தது.

கடைசியில் பிள்ளை சரியாகச் சாப்பிடாமல் போகத் தொடங்கியதும் சுரேஷ் ஒரு நாள் ஜீப் சவாரியை வேறு ஆளிடம் விட்டுவிட்டு, "இன்னைக்குப் போறோம், ஏறு" என்று நாகஜோதியை அதட்டிக் கூட்டிவந்தான். என் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு, நானும் கூடப் போனேன்.

தேனியில் காது பார்க்கிற இடம் அது. ஜெசி என்று ஒரு பெண். சின்ன வயசுதான், உத்தமபாளையம் பக்கத்துப் பிள்ளை. கம்பளி ஒட்டிய ஓர் அறையில் நாகஜோதியை உட்கார வைத்து, மடியில் பிள்ளையை வைக்கச் சொன்னாள். ஒரு பக்கம் பெட்டியிலிருந்து சத்தம் வரும். பிள்ளை அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு பொம்மை வெளிச்சம் போட்டு ஆடும். நானும் சுரேஷும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். சுரேஷ் என் கையைப் பிடித்திருந்தான்.

முதல் சத்தத்துக்குப் பிள்ளை திரும்பவில்லை. பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுரேஷ் கண்ணை மூடிக்கொண்டான். அடுத்தது வலது பக்கம். திரும்பினாள். இடது பக்கம். திரும்பினாள். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள் போல. எனக்குக் கேட்காத சத்தத்துக்கும் திரும்பினாள். "அயித்த, திரும்புறா பாருங்க, திரும்புறா பாருங்க" என்று சுரேஷ் என் கையை உடைத்துவிடப் பார்த்தான்.

ஜெசி வெளியே வந்து, "காது ரொம்ப நல்லாக் கேக்குதும்மா. ஒரு கொறையும் இல்ல" என்றாள்.

நாகஜோதி பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சுரேஷ் அங்கன நின்றபடியே தேவாரத்துக்குப் போன் போட்டான். "யப்பா, கேக்குதாம்ப்பா." அந்தப் பக்கம் சுருளி என்ன சொன்னான் என்று புரியவில்லை. மூக்கைச் சிந்துகிற சத்தம்தான் கேட்டது.

கொஞ்சம் ஆசுவாசமானதும் நாகஜோதிதான் கேட்டாள். "காது கேக்குதுன்னா ஏன் மேடம் பேச மாட்டேங்குறா?"

"அதத்தான் பாக்கணும். வீட்டுல தண்ணி வேணும்னா என்ன செய்வா?"

"இந்தா, இப்படிக் கேப்பா." நாகஜோதி கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"பாலு?"

முஷ்டியை மூடித் திறந்தாள்.

"இன்னும் வேணும்னா?"

உள்ளங்கையைத் தட்டினாள்.

"ஜீப்பு?"

"ஜீப்பு நின்னா ஒன்னும் சொல்ல மாட்டா. வர்ற சத்தம் கேட்டா இப்படி ஓட்டுவா." ஸ்டியரிங் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். "கெளம்பிப் போயிருச்சுன்னா இப்படி." இரண்டு கையையும் கவிழ்த்தாள்.

மழைக்கு, நாய்க்கு, திராட்சைக்கு, தூக்கத்துக்கு, கிளிக்கு என்று ஜெசி கேட்கக் கேட்க நாகஜோதி கையால் சொல்லிக்கொண்டே போனாள். தான் செய்வது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. ஜெசி சிரிக்கத் தொடங்கினாள்.

"ஏம்மா, இம்புட்டுப் பேசுற பிள்ளையப் பேசலன்னு கூட்டிட்டு வந்துருக்கீகளே!"

"இதெல்லாம் பேச்சா மேடம்? இது கையி. எங்க மாமாவப் பாத்துப் பழகுனது."

"பேச்சுதாம்மா. இந்த வயசுல பிள்ளைகளுக்கு ஒரு நேரத்துக்கு ஒன்னுதான் சொல்ல வரும். அதனால அதுகளே பொறுக்கி எடுக்கும். கண்ணு முன்னாடி சும்மா நிக்கிறதச் சொல்லாதுக. அது எல்லாருக்கும் தெரியுதே, அத எதுக்குச் சொல்லணும்? எது வந்துச்சு, எது போச்சு, எது காணோம், எது இன்னும் வேணும், அதத்தான் சொல்லும். ஜீப்பு நின்னா சும்மா இருக்கா, வந்தாலும் போனாலும் சொல்றால்ல? அதோட, எப்படிச் சொன்னா காரியம் நடக்குதோ அப்படித்தான் சொல்லும். உங்க வீட்டுல கையில சொன்னா உடனே நடக்குது. அப்பறம் எதுக்கு வாய நோகடிக்கணும்?"

நாகஜோதி குனிந்துகொண்டாள். "எல்லாத்துக்கும் வச்சிருக்கா. அம்மாவுக்கு மட்டும் ஒன்னுமில்ல மேடம். ஒரு தரம்கூடக் கூப்பிட்டதில்ல" என்றாள். கண் நிறைந்துவிட்டது. முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று பிள்ளையைச் சுரேஷ் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கதவு சாத்தியது. பிள்ளை கதவைப் பார்த்தாள், சுரேஷைப் பார்த்தாள், விரலை மூக்கின் ஓரத்தில் வைத்தாள்.

"வந்துருவா ஆத்தா, வந்துருவா" என்றான் சுரேஷ்.

ஜெசி எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "என்ன கேட்டா உங்ககிட்ட?"

"அவ அம்மாவக் கேட்டா."

"எங்க கேட்டா? எனக்குக் கேக்கலையே."

சுரேஷ் வாயைத் திறந்தான். திறந்தபடியே இருந்தான். பிறகு மெதுவாகத் தன் விரலைத் தன் மூக்கில் வைத்தான். "இந்தா... இப்படித்தான். அம்மான்னா எங்க சித்தப்பா இப்படித்தான் காட்டுவாரு. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியுமே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சின்னாத்தா ஒற்றைக்கல் மூக்குத்தி போட்டிருப்பாள். கருத்தன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் களையெடுத்துவிட்டு வந்தால், தூரத்திலேயே பார்த்துவிட்டு மூக்கைத் தொடுவான். அவள் செத்தபோது மூக்கைத் தொட்டு, இரண்டு கையையும் கவிழ்த்து, வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அந்த விரல் மூக்குக்குப் போனதை நான் பார்க்கவில்லை. பேத்திப் பிள்ளை மடிக்கு வந்தபிறகு மறுபடியும் எடுத்திருக்கிறான். சாயங்காலம் ஜீப் வருகிற நேரம் மூக்கைத் தொட்டுக் காட்டி, அம்மா வருகிறாள் என்று பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறான்.

நாகஜோதி உள்ளே வந்தாள். அவளைப் பார்த்ததும் பிள்ளை மறுபடியும் மூக்கைத் தொட்டுக் கையை நீட்டினாள். நாகஜோதி சட்டென்று நின்று, தன் சேலையை மோந்து பார்த்தாள். "இன்னைக்கு ஏலக்காயே இல்லையே. பெறகும் ஏன் மூக்குக்குப் போறா?"

"அடியே, அது ஏலக்காயும் இல்ல, சளியும் இல்ல. அது நீதான்டி. அம்மா" என்றான் சுரேஷ்.

"என்ன மச்சான் சொல்றீக?"

"சித்தப்பாவுக்கு மூக்கத் தொட்டா அம்மா. ஒனக்குத் தெரியாதா?"

"எனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லைதான். ஓர் ஆளைப் பற்றி மற்றவரிடம் பேசும்போதுதான் பெயர் வேண்டும். எதிரே நிற்கிறவளைக் கருத்தன் தோளைத் தொட்டுக் கூப்பிட்டுவிடுவான். அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த அவள் பெயர் அவளுக்கு மட்டும் தெரியாது.

"உங்களுக்குத் தெரியும்ல? பிள்ள மூக்கத் தொடுறப்போ ஒரு நாளாச்சும் சொன்னீகளா?"

"அவ கேப்பா, நான் தூக்கி ஒன்கிட்டக் குடுத்துருவேன். அவ்வளவுதான். அவ சொன்னான்னு நான் நெனைக்கவே இல்லடி" என்றான் அவன். பொய் இல்லை. அந்த வீட்டில் கை கேட்டால் கை கொடுத்துவிடும். அதைப் பேச்சு என்று எண்ணிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

நாகஜோதி பிள்ளை எதிரே தரையில் உட்கார்ந்து, தன் விரலை மூக்கில் வைத்தாள். பிள்ளை முகம் மலர்ந்து தானும் வைத்தாள். "தெனமும் கூப்பிட்டாளே பெரியம்மா. தெனமும் கூப்பிட்டா, நான் குளிக்கப் போனேனே" என்று என்னைப் பார்த்து அழுதாள். அழும்போதே சிரித்தாள். பிள்ளை சந்தோசத்தில் முழங்கையைத் தேய்த்தாள்.

"அது சொறி" என்று சொல்ல வாயெடுத்த நாகஜோதி அப்படியே நிறுத்தினாள். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அந்தப் பச்சை ஞாபகம் வந்தது. கருத்தனைக் கேட்டுக் கேட்டு நின்ற பிள்ளைக்குக் களிம்பு தடவியிருக்கிறோம்.

ஜெசி கிளம்பும்போது சொன்னாள். "கையை நிறுத்தாதீக. கையோட சேத்து வாயாலயும் நீங்க சொல்லிக்கிட்டே இருங்க. கை எட்டாத எடம் வரும்போது அவளே வாய எடுப்பா. ஆறு மாசம் கழிச்சுக் காட்டுங்க. அந்தத் தாத்தாவையும் கூட்டிட்டு வாங்க, நான் பாக்கணும்."

நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். வீட்டுக்குப் போகாமல் நேரே தோட்டத்துக்கு விட்டான் சுரேஷ். வெயில் தாழ்ந்திருந்தது. கருத்தன் பந்தலுக்கு அடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக் கொடி கட்டிக்கொண்டிருந்தான். இறக்கிவிட்டதும் பிள்ளை ஓடினாள். கத்தவில்லை, கூப்பிடவில்லை. அவனிடம் சத்தம் செல்லாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சுற்றிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்று, முழங்கையைத் தேய்த்தாள்.

கருத்தன் கையிலிருந்த நாரைக் கீழே போட்டான். ஆனால் தூக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நாகஜோதியைப் பார்த்தான். தூக்கலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

நாகஜோதி அவன் எதிரே போய் நின்றாள். மூக்கைத் தொட்டாள், தன்னைக் காட்டினாள். பிள்ளையைக் காட்டினாள், காதைத் தொட்டாள், கேட்கிறது என்று தலையாட்டினாள். பிறகு இரண்டு கையையும் தொட்டில் போல வைத்து அவன் பக்கம் நீட்டினாள். வாயாலும் சொன்னாள். "மன்னிச்சிருங்க மாமா. தூக்கிக்கங்க."

காதைத் தொட்டதற்கு அவன் பெரிதாக ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. ஜீப் வருகிற திசையைக் காட்டி, பிள்ளை முந்தித் திரும்புவாள், நான் பிந்தித்தான் பார்ப்பேன் என்று கையால் சொன்னான். இது தெரியாதா உங்களுக்கு என்பது போல ஒரு பார்வை. பிறகு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கீழே கிடந்த நாரை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கொடியைக் கட்டத் தொடங்கினான்.

எங்களுக்கு முன்பே தோட்டத்துக்கு வந்திருந்த சுருளி, மோட்டார் ரூமில் இருந்த தம்பியின் பாயைச் சுருட்டி எடுத்து ஜீப்பில் வைத்தான். "ஏலே சுரேசு, பாயி பத்திரம்டா, பறந்துறாம" என்றான்.

நாகஜோதி திரும்பவும் வேலைக்குப் போனாள். இப்போது ஜீப்பை விட்டு இறங்கியதும் ஏலக்காய் வாசத்தோடேயே பிள்ளையைத் தூக்குகிறாள். கொஞ்ச மாதம் கழித்து ஒரு சாயங்காலம், அவள் ஜீப்புக்குள் தலையை விட்டுத் தூக்குவாளியைத் தேடிக்கொண்டிருந்தாளாம். பின்னால் நின்ற பிள்ளை மூக்கைத் தொட்டிருக்கிறாள். அம்மா பார்க்கவில்லை. இன்னொரு தரம் தொட்டிருக்கிறாள். முதுகுக்கு எங்கே கண் இருக்கிறது? அப்போதுதான் "ம்மா!" என்று ஒரு சத்தம் போட்டிருக்கிறாள். நாகஜோதி தலையை ஜீப் கம்பியில் இடித்துக்கொண்டு திரும்பினாள். பக்கத்தில் இருந்த கருத்தனுக்கு இவள் ஏன் இப்படித் திரும்பினாள் என்று விளங்கவில்லை. பிள்ளை வாயைப் பார்த்தான், நாகஜோதி கண்ணைப் பார்த்தான், பிறகு தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தானாம்.

அதற்குப் பிறகு வாய் ஓயவில்லை. ஒச்சாண்டி கடையில் பன்னுக்கு அவள் போடுகிற சத்தத்துக்கு, "மாப்ளே, இத நிறுத்துறதுக்கு ஏதும் மருந்து இருக்கான்னு அந்தத் தேனி மேடத்துக்கிட்டக் கேட்டுட்டு வா" என்று அவன் இப்போது சுரேஷைச் சீண்டுகிறான். சுரேஷ் டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறான். கருத்தனிடம் மட்டும் பிள்ளை வாயை எடுப்பதில்லை. அவன் முகத்துக்கு எதிரே வந்து நின்று, கையால்தான் பேசுகிறாள்.

கருத்தக்கண்ணன் இப்போது தேவாரத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறான். காலையில் மகாலட்சுமியை ஜெபராணி டீச்சரிடம் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறான். மதியம் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறான்.